குருசடையா, ஜாலி பாயா, புறாமலையா?

மதுரையில் இருக்கும் தங்கை போன வாரம் கூப்பிட்டாள். "அண்ணா, பாப்பாவுக்குப் பவளப்பாறை பார்க்கணுமாம். புத்தகத்துல படிச்சதிலிருந்து ஒரே பிடிவாதம். எந்தத் தீவுக்குப் போறது?" போகிறவர்கள் நான்கு பேர். தங்கை, மாப்பிள்ளை, ஒன்பது வயது மகள், முழங்கால் வலியோடு இருக்கும் தங்கையின் மாமியார். போனில் பாதி சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்றேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் ஒப்பிடுவது மூன்று தீவுகளை. பாம்பனுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் இருக்கும் குருசடை. அந்தமானில் வண்டூரிலிருந்து படகில் போகிற ஜாலி பாய். திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு எதிரே இருக்கும் புறாமலை, அதாவது புறாத்தீவு தேசியப் பூங்கா. மூன்றிலும் சுற்றுலா வருகிறவர்கள் இரவு தங்க முடியாது. காலையில் போய், பார்த்துவிட்டு, அன்றே கரைக்குத் திரும்பிவிட வேண்டும். மூன்றையும் சுற்றிப் பவளப்பாறை உண்டு, மூன்றும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அதனால் ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. லட்சத்தீவை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். அங்கே நுழைவு அனுமதி வாங்கி, கொச்சியிலிருந்து கப்பலோ விமானமோ ஏறி, மக்கள் குடியிருக்கும் தீவுகளில் சில நாள் தங்க வேண்டும். அது வேறு மாதிரியான பயணம், வேறு கணக்கு.

முதலில் மாதத்தைச் சொல்லுங்கள். தீவை முடிவு செய்துவிட்டு அப்புறம் தேதி பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாந்து திரும்புகிறார்கள். இந்தக் கடல்களில் காற்றுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பாம்பன் மீனவர்கள் பாலத்துக்கு வடக்கே இருப்பதை வடகடல் என்பார்கள், தெற்கே இருப்பதைத் தென்கடல் என்பார்கள். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் தலைகீழ். குருசடை தென்கடலில் இருக்கிறது. ஆகவே மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே அலையும் கலங்கலும்தான். ஆனால் அதே கச்சான், இலங்கை நிலப்பரப்பைக் கடந்து கிழக்குக் கரைக்குப் போகும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கும் மாதங்கள் அவை. வாடை பிறந்துவிட்டால் புறாமலைக்குப் படகு விடுவதே சிரமம். அந்தமானில் மே மாத நடுவிலிருந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். வனத்துறையும் பொதுவாக நவம்பர் முதல் மே வரைதான் ஜாலி பாயைத் திறந்து வைக்கிறது. மழை மாதங்களில் அதற்குப் பதிலாக ரெட் ஸ்கின் என்ற இன்னொரு தீவு. இந்த மாற்று ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஒரு தீவுக்கு ஆண்டில் பாதி நாள் ஆள் நடமாட்டத்திலிருந்து ஓய்வு கிடைக்கிறது.

இதை நம் விடுமுறைகளோடு சேர்த்துப் பாருங்கள். பொங்கலுக்கு அப்புறம், அதிலும் தை பாதி தாண்டிவிட்டால், குருசடையும் ஜாலி பாயும் நல்ல தேர்வுகள். கோடை விடுமுறை என்றால் ஏப்ரல் வரை அந்தமான், மே மாதத்தில் திருகோணமலை. செப்டம்பர் காலாண்டு விடுமுறைக்கும் திருகோணமலைதான். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மூன்றும் வேண்டாம், மழையும் புயல் எச்சரிக்கையுமாக இருக்கும்.

குருசடையிலிருந்து தொடங்குகிறேன். பலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. 1989இல் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. 21 என்று பட்டியல் சொன்னாலும் இன்று தண்ணீருக்கு மேலே 19தான். விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் மூழ்கிவிட்டன. பல ஆண்டுகளாகப் பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனதில், அலையைத் தடுத்து நின்ற அரண் போயிற்று. மணல் கரைந்தது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் அப்படித்தான் சுருங்கிக்கொண்டே வந்தது. 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் நிறுத்திப் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

குருசடையில் என்ன பார்க்கலாம்? தண்ணீருக்குள் இறங்கி வண்ண வண்ணப் பவளம் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில் பாம்பன் பக்கத்துக் குந்துகாலிலிருந்து புறப்பட்டு, தீவில் இறங்கி நடந்து, கூட வருகிறவர் சொல்வதைக் கேட்டு வருவது இது. ஆனால் நடக்கிற இடம் லேசுப்பட்டதல்ல. உயிரியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் இடையில் வைத்துப் பாடப் புத்தகங்கள் சொல்லும் பலனோகிளாசஸ் என்ற மண்புழு போன்ற உயிரைத் தேடி, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வந்த மணல் இது. 1927இலேயே சென்னை அருங்காட்சியகம் இந்த ஒரு தீவின் கரையோர உயிர்களைப் பற்றித் தனி வெளியீடு கொண்டுவந்தது. தண்ணீர் வற்றிய நேரத்தில் ஓரமாக நின்று குனிந்து பார்த்தால் போதும். கடல் வெள்ளரி ஒன்று மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும், நண்டு ஓடும், கண்டல் வேர்களுக்கு இடையில் விரல் நீள மீன்கள் கூட்டமாகத் திரும்பும். குழந்தைக்குக் காட்ட இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

இங்கேயும் சிக்கல் இருக்கிறது. 2016இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவில் நிறையப் பவளம் வெளுத்து இறந்தது. பவளத்தின் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கும். பவளத்துக்கு நிறமும் சாப்பாடும் தருவது அதுதான். தண்ணீர் வெகுநாள் 30 டிகிரிக்கு மேலேயே நின்றால் அது வெளியேறிவிடும், பவளம் எலும்புபோல வெளுத்துவிடும். போதாததற்கு வளர்ப்புக்காகக் கொண்டுவந்த அயல்நாட்டுப் பாசி ஒன்று குருசடைப் பவளத்தின்மேல் படர்ந்து மூடிய கதையும் உண்டு. இன்னும் அதைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

குருசடை போகிறவர்கள் பாம்பன் சின்னப்பாலத்தில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். பாசி எடுக்கும் பெண்களின் ஊர் அது. சேலைக்கு மேலே சட்டை, முகத்தில் நீச்சல் கண்ணாடி, விரல்களில் துணிச்சுற்று. அந்த விரல்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், துணி சுற்றியும் வெட்டுக் காயம் மிச்சமிருந்தது. மரிக்கொழுந்துப் பாசி பாறையோடு ஒட்டி வளர்வது, கிள்ளும்போது பாறை கீறிவிடும். பூங்கா வந்தபின் தீவுப் பக்கம் போக அவர்களுக்குத் தடை வந்தது. பல தலைமுறைத் தொழில் ஒரு நாளில் குற்றமாகியது. ஆனால் அந்தப் பெண்களே தங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குப் போவது, சுரண்டும் கருவி எடுக்காமல் கையால் கிள்ளுவது, மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் 45 நாள் நிறுத்திவிடுவது. "வேரோட பிடுங்கிட்டா அடுத்த மாசம் எங்க போறது தம்பி?" என்றார் ஓர் அக்கா. பாதுகாப்பு என்றால் என்ன என்று நான் படித்த எதுவும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. ஆளில்லாத தீவு என்று படகில் சொல்வார்கள். அதற்கு எதிர்க்கரையில் இவர்கள் இருக்கிறார்கள் என்பது பாப்பாவுக்குத் தெரிய வேண்டும்.

ஜாலி பாய்க்கு வருவோம். பவளத்தை அதன் நிறத்தோடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மூன்றில் முதலிடம் இதற்கே. 1983இல் அறிவிக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில், 281 சதுர கிலோமீட்டர் பரப்பில் 15 தீவுகள். அவற்றில் நாம் இறங்கக்கூடியது ஒன்றுதான், மழைக்காலத்தில் அதற்கு மாற்றாக இன்னொன்று. மற்றவற்றைப் படகில் கடந்துபோகலாம், அவ்வளவுதான். போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் அரசுப் பெயர் ஸ்ரீ விஜய புரம்) சாலையில் 30 கிலோமீட்டர் போனால் வண்டூர். அங்கே கரையோரம் வேரோடு சாய்ந்து கிடக்கும் பெரிய மரங்களைப் பாருங்கள். 2004 சுனாமிக்குக் காரணமான நிலநடுக்கத்தில் இந்தப் பக்கம் நிலம் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கடல் உள்ளே ஏறி வந்த தடம் இன்னும் அழியவில்லை. முதலை எச்சரிக்கைப் பலகையும் இருக்கும், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படகுத்துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் எதுவும் தீவுக்குப் போகக்கூடாது. தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் உறை எல்லாம் கரையோடு நின்றுவிடும். நான் போன அன்று எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி, பேரனின் பிஸ்கட்டையெல்லாம் பிரித்து எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, உறைகளை மடித்துக் காவலரிடம் கொடுத்தார். வரிசையில் நின்ற மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு தீவுக்குப் போகவிருந்த குப்பை நின்றுபோனது. தீவில் கடை கிடையாது. சாப்பாட்டையும் தண்ணீரையும் நாமே பாத்திரத்தில் கொண்டுபோக வேண்டும்.

படகு அலையாத்திக் காடு அடர்ந்த தீவுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் போகும். பெரிய படகு கரையைத் தொடாது. பவளம் நொறுங்கிவிடக் கூடாது என்பதால் தள்ளியே நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகுக்கு மாற்றுவார்கள். நீச்சல் தெரியாதவர்களுக்கு இந்தக் கண்ணாடிதான் வரம். காலடியில் மூளை வடிவப் பவளம் நகர்ந்து போகும், கிளிமீன் ஒன்று அதைக் கொறித்துக்கொண்டிருக்கும். ஒன்று சொல்லியாக வேண்டும். 2010இலும் 2016இலும் அந்தமானில் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. பழைய படங்களில் இருக்கும் செழிப்பை எதிர்பார்த்துப் போனால் சில இடங்களில் சாம்பல் நிறச் சிதைவுதான் தெரியும். அதற்கு நடுவே உயிரோடு இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் போகிறோம்.

புறாமலை மூன்றிலும் மிகச் சிறியது. திருகோணமலை நகரத்திலிருந்து வடக்கே 15 கிலோமீட்டரில் நிலாவெளி. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் கடல், பத்து நிமிடப் படகு. இரண்டு தீவுகளில் பெரியதே 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம்தான். பாறை இடுக்குகளில் கூடுகட்டும் மாடப்புறாக்களால் வந்த பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் இதைச் சுடுபயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. கரையில் காலை வைத்தால் மணலுக்குப் பதில் முருகைக்கல் துண்டுகள் கலகலவென்று சத்தம் போடும். இலங்கைத் தமிழில் பவளத்துக்கு முருகைக்கல் என்றுதான் பெயர்.

முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மாட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தை வைத்தாலே போதும். கரையிலிருந்து சில அடியில் மீன் கூட்டம் தொடங்கிவிடும். செட்டை நுனி கறுத்த சுறாக்கள் மனிதரைக் கண்டால் விலகிப்போகும், கொஞ்சம் பொறுமையாக மிதந்தால் ஒன்றிரண்டு தெரியும். இவ்வளவு எளிதாக, இவ்வளவு கிட்டத்தில் மற்ற இரண்டு தீவிலும் பார்க்க முடியாது.

எளிதாக இருப்பதுதான் அந்தத் தீவின் ஆபத்தும். 2009இல் போர் முடிந்தபின் கூட்டம் பெருகியது. விடுமுறை நாளில் அந்தச் சின்னக் கரையில் படகு மேல் படகாக வந்து இறக்கும். தண்ணீரில் பழக்கமில்லாதவர்கள் மூச்சு முட்டியதும் காலை ஊன்றுவது பவளத்தின்மேல்தான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்ய எழுந்து நின்றார். படகோட்டித் தம்பி கரையிலிருந்து கத்தினார்: "அண்ணை, கல்லில மிதிக்காதேங்கோ, அது உயிரோட இருக்கு!" அவர் நகர்ந்தார். ஆனால் கிளை ஏற்கெனவே உடைந்திருந்தது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது, கிளைப் பவளம் கொஞ்சம் வேகமாக வளரும். எப்படியானாலும் அந்த ஒரு மிதிக்குச் சில வருடமாவது ஆகும். ஆகவே புறாமலைக்குப் போவதானால் வேலை நாளில், காலை முதல் படகில் போங்கள். அதுவும் மிதக்கப் பழகிய பிறகே தண்ணீரில் இறங்குங்கள். உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டால் கால் தானாக மேலே நிற்கும், ஊன்றத் தோன்றாது.

செலவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. குருசடைக்கு ரயில் டிக்கெட்டும் ஓர் இரவு அறை வாடகையும் போதும். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபின் ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகிறது. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல் என்றால் மூன்று நாள் வரை. நான்கு பேருக்கு விமானக் கட்டணமே பெரிய தொகை, ஐந்து நாளாவது ஒதுக்க வேண்டும். திருகோணமலைக்கு பாஸ்போர்ட், விசா, கொழும்பு வரை விமானம், அங்கிருந்து நீண்ட தரைவழிப் பயணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போய் யாழ்ப்பாணம் வழியாக இறங்கலாம், ஆனால் அது கடல் நிலையைப் பொறுத்தது. பூங்காவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரர்கள் கொடுப்பதைவிடப் பல மடங்கு. படகுக் கூலி தனி.

உடம்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமியார் வருகிறார். ஜாலி பாயில் ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற படகுக்கு மாற வேண்டும். புறாமலையில் கரையிலிருந்தே தண்ணீரில் நடந்து படகேற வேண்டும், இறங்கியதும் கூரான கல். முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டும் கஷ்டம். மூன்றில் அவருக்குத் தோதானது குருசடைதான். அவரால் தீவு முழுக்க நடக்க முடியாவிட்டாலும், குந்துகாலில் விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய இடத்தின் நினைவு மண்டபத்தில் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். படகுப் பயணம் மட்டும் போதும் என்றால் காரங்காடு இருக்கிறது. தொண்டிக்குப் பக்கத்தில், ஊர் மக்களும் வனத்துறையும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள்.

எந்தத் தீவானாலும் பைக்குள் சில விஷயம் மாற வேண்டும். வெயிலுக்குப் பூசும் கிரீம்களில் ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் இருந்தால் பவளத்துக்குக் கெடுதல், பலாவு நாடு 2020 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு கிரீமை வீட்டிலேயே விட்டுவிடலாம். கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. 2001 முதல் பவளங்கள் நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடற்பசுவும் அந்தப் பட்டியலில்தான். ஆனால் அதைப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள், மீனவர்களுக்கே அபூர்வமாகத்தான் தென்படுகிறது.

சரி, தங்கைக்கு என்ன சொன்னேன்? மாமியாரோடு சேர்ந்து போவதானால் தை மாதத்தில் குருசடை. முந்தின நாளே வனத்துறை அலுவலகத்தில் படகு விடுகிறார்களா, காற்று எப்படி என்று கேட்டுக்கொண்டு, காலையில் தீவு, சாயங்காலம் சின்னப்பாலம். பவளம் பார்க்க ஜாலி பாய்தான் சரி, ஆனால் அந்தப் பணத்தைச் சேர்க்க அவர்களுக்கு இன்னும் ஓர் ஆண்டு வேண்டும், அவசரப்பட வேண்டாம். புறாமலை வேண்டாம் என்றேன். பாப்பாவுக்கு இன்னும் நீச்சல் தெரியாது. பயந்துபோய்க் காலை ஊன்றினால் பாறைக்கும் சேதம், அவள் பாதத்துக்கும் காயம்.

நேற்று மறுபடி போன் வந்தது, இந்த முறை பாப்பா. குருசடைக்குச் சம்மதமாம். ஆனால் சுறாவையும் விடமாட்டாளாம். பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். காலைத் தரையில் ஊன்றாமல் இருபது எண்ணும்வரை மிதக்க முடிகிறதாம் மாமா, கேட்டுக்கோ என்றாள்.